வெங்காயப் பிடியும் 600 மணித்தியாலமும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரக் குடும்பத்துக்குக் கையில் காசு ஓயும் காலம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஐப்பசியில் மாரி இறங்கினால் கூலிவேலை குறையும். வாடைக்காற்றில் கடலும் குழம்பும். போன தையிலும் மாசியிலும் வெட்டிய நெல் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அடுத்த வெட்டு அடுத்த தையில்தான். அந்த மூன்று மாதத்தைத் தாண்டுவதற்கான வேலை கோடையிலேயே தொடங்கிவிடும்.

சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டி அடுப்படி வளையில் தொங்கவிடுவார்கள். கொட்டை எடுத்த புளியை உப்புப் போட்டுப் பானையில் அமுக்கி வைப்பார்கள். செத்தல் மிளகாய் காயும், மீன் கருவாடாகும். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பினாட்டு. விறகும் பன்னாடையும் கொக்காரையும் நனையாத மூலையில் ஏறும். அரிசி குறைந்த நாட்களில் ஒடியல் மா பிட்டாகவும் கூழாகவும் வயிற்றை நிரப்பியது. இன்று கூழை விருந்தாகக் காய்ச்சி நண்டும் இறாலும் போட்டுப் படம் எடுக்கிறோம். அன்று அது இல்லாமையின் சாப்பாடு.

ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு வந்தது என்பதுதான் இதில் முக்கியம். எல்லார் வீட்டு வளையிலும் வெங்காயம் தொங்கியதால் சேர்த்து வைப்பதில் வெட்கம் இருக்கவில்லை. தீர்ந்துபோனவர்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் சுண்டு நீட்டிக் கேட்பதிலும் பெரிய வெட்கம் இருக்கவில்லை.

1990இல் இலங்கை அரசாங்கம் வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடை அந்தக் கணக்கைக் குலைத்தது. மாரி எப்போது முடியும் என்று தெரியும். தடை எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் கிடைத்தற்கரிய பண்டங்களாயின. பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையில் பலர் இப்போது ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், ரூஜ் ஆற்றை அண்டிய வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சவர்க்காரம் ஏன் டசின் கணக்கில் கிடக்கிறது என்று பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்.

சேர்த்துவைப்பது இந்த மண்ணுக்கும் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் ரூஜ் ஆற்றோரம் கனட்செக்வியாகொன் என்ற செனெகா மக்களின் ஊர் இருந்தது. அவர்களைப் போன்ற இரோக்வா இனத்தார் சோளத்தை உலர்த்தி, குழிகளிலும் மரப்பட்டைப் பீப்பாய்களிலும் வைத்துப் பனிக்காலத்தைக் கடந்தவர்கள். அவர்களுக்கும் பஞ்சகாலம் ஊருக்குப் பொதுவாகத்தான் வந்திருக்கும்.

இன்றைய ரூஜில் அது வீட்டுக்கு வீடு தனித்தனியாக வருகிறது. கூரை வேலை செய்பவருக்கு மார்கழியில் லே-ஓஃப். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது. அங்கே வருமானம் சித்திரையில் குறையும். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது.

மகப்பேற்றுக் காலத்தையே எடுப்போம். கனடாவின் வேலைக் காப்புறுதியில், நாங்கள் ஈ.ஐ. என்று சொல்வதில், தாய்க்கு 15 கிழமை, அதன்பின் பெற்றோர் விடுப்பாக ஒருவருக்கு 35 கிழமை வரை கொடுப்பனவு உண்டு. சம்பளத்தின் 55 வீதம். அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2025இல் அது கிழமைக்கு 695 டொலர். வழக்கமாக முதல் கிழமைக்கு ஒன்றும் இல்லை. நீண்ட விடுப்பைத் தெரிவுசெய்தால் பெற்றோர் பகுதி 33 வீதமாக இறங்கும். இவ்வளவையும் பெற, முந்தைய 52 கிழமைக்குள் 600 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் இறுதி வரை அது 700ஆக இருந்தது. அப்போது பெற்றோர் விடுப்பும் 10 கிழமைதான். ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கு வேலை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அதனால் கர்ப்பம் உறுதியானதும் அவள் முதலில் எண்ணுவது அரிசி மூட்டையை அல்ல, மணித்தியாலத்தை. கால் வீங்கினாலும் ஓவர்டைம் கேட்கிறாள். கோடையில் வெங்காயம் கட்டிய கைக்கு இப்போது இதுதான் சேகரிப்பு.

சாமானும் சேர்கிறதுதான். ஃபுளையரைப் பார்த்துப் பார்த்து அரிசி, பருப்பு, ரின்மீன், பம்பர்ஸ். ஒன்ராறியோவில் அடிப்படைச் சாப்பாட்டுக்கு வரி இல்லை. பிள்ளைகளின் பம்பர்ஸுக்கு 5 வீதம். 2024 மார்கழி நடுவிலிருந்து இரண்டு மாதம் அதையும் அரசாங்கம் தள்ளிவிட்டபோது, வாங்கி அடுக்க நல்ல சாட்டு. ஆனால் அடுக்குவது எங்கே? பேஸ்மென்றை வாடகைக்கு விட்டாயிற்று. கராஜில் வைத்தால் தையில் ரின்கள் உறைந்து வீங்கும். பிறந்த குழந்தைக்குரிய அளவு பம்பர்ஸைக் கண்டபடி வாங்கியவர்கள், பிள்ளை இரண்டு மாதத்தில் அதைவிட்டு வளர்ந்ததும் பெட்டியோடு யாருக்காவது கொடுக்கிறார்கள். ஒடியலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பெரிதாக மாறாமல் வந்துசேர்ந்தது பிள்ளைப்பெத்த சரக்குத்தான். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி. அன்று ஏழாம் மாதத்திலேயே அம்மா துப்புரவாக்கி வெயிலில் காயவைப்பார். இப்போது ஊரிலிருந்து பொதியாக வருகிறது, அல்லது தமிழ்க் கடையில் பைக்கற்றில் கிடக்கிறது. பால்சுறா உறைந்த கட்டியாகக் கிடைக்கும். அம்மியில் அரைத்துக் கறி வைக்க அம்மாவுக்கு விசா கிடைக்க வேண்டும். கிடைக்காத வீட்டில் கிரைண்டரும் கணவனும். உப்பு கூடிப்போகும் என்பது என் சந்தேகம்.

அன்றைய செலவில் பெரும்பகுதி பானைக்குள்ளும் பரணிலும் அடங்கியது. இன்று மோட்கேஜையும் கார் இன்சூரன்ஸையும் எந்தப் பரணில் ஏற்றுவது? பத்து மூட்டை அரிசி இருந்தாலும் முதலாம் திகதி வங்கி தன் பங்கை இழுக்கும். இதைப் புரிந்துகொண்ட பெண்கள் சிலர் ஒரு வேலை செய்கிறார்கள். சம்பளம் முழுதாக வரும்போதே 55 வீதத்தில் குடும்பம் நடத்திப் பார்க்கிறார்கள். மிச்சத்தை வேறு கணக்கில் போட்டுவிடுகிறார்கள். எங்கே இடிக்கிறது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் வெளியே வாங்கும் கோப்பியிலும் கணவனின் ஃபோன் பில்லிலும் இடிக்கும். அதற்குப் பிறகுதான் அரிசி எத்தனை மூட்டை என்ற பேச்சு.