எக்ஸெலில் வந்திருக்கும் புதுச் சூத்திரங்கள்: பண்ணைக் கணக்குக்கு எது உதவும்?

"கணக்கு எழுதினா நஷ்டம்தான் தெரியும், எழுதாம இருந்தா நிம்மதி" என்று நம் ஆட்களில் பலர் சொல்வதுண்டு. வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். எனக்கு அதில் சம்மதமில்லை. உரக்கடைக்குப் போகும் பணம் மிச்சம் என்கிறோம். அது கையில் நிற்கிறதா, களையெடுப்புக் கூலியாகப் போய்விடுகிறதா என்பதைக் கணக்குதான் சொல்லும்.

கணினியில் கணக்கு வைத்திருப்பவர்கள் பலரும் பத்து வருஷத்துக்கு முன்னால் கற்ற எக்ஸெலையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டல், கழித்தலுக்கு அது போதும். ஆனால் குழுவாகச் சேர்ந்து நெல் விற்பவர்கள் ஒரு விஷயத்தை அவசியம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் குழுவில் ஏழு பேர். தூயமல்லி, சீரகச்சம்பா, கருப்புக்கவுனி என்று ரகத்துக்கு ஒரு விலை. யார் எந்த ரகம் எத்தனை மூட்டை கொடுத்தார்கள் என்று போட்டால், விலைப் பட்டியலிலிருந்து விலையை எடுத்து வருவது 'விலுக்கப்' என்ற பழைய சூத்திரம். அதில் இரண்டு ஆபத்து உண்டு. விலை எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்று எண் கொடுக்க வேண்டும். நடுவில் யாராவது ஈரப்பதத்துக்கு என்று ஒரு பத்தி நுழைத்தால், விலைக்குப் பதில் வேறெதையோ எடுத்து வரும். இரண்டாவது இன்னும் மோசம். கடைசியில் 'ஃபால்ஸ்' என்று போடாமல் விட்டால், பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது என்று அதுவாகவே நினைத்துக்கொண்டு, ஏறக்குறையப் பொருந்துவதை எடுக்கும். தூயமல்லி கொடுத்தவருக்கு வேறு ரகத்தின் விலை விழலாம். பிழை என்று எந்தச் செய்தியும் வராது. அடுத்தவர் பணத்தில் இப்படி நடந்தால் குழு எத்தனை நாள் நிற்கும்?

2019-ல் அறிமுகமான 'எக்ஸ்லுக்கப்' இந்த இரண்டையும் சரி செய்திருக்கிறது. எதைத் தேட வேண்டும், எந்தப் பத்தியில் தேட வேண்டும், எந்தப் பத்தியிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நாம் சொல்லாவிட்டாலும் அச்சாகப் பொருந்துவதைத்தான் எடுக்கும். நான்காவதாக "விலை போடவில்லை" என்று எழுதி வைத்தால், ரகம் கிடைக்காதபோது அதையே காட்டும்.

அடுத்தது 'ஃபில்டர்'. எல்லாச் செலவையும் தேதி, வயல், வேலை, தொகை என்று ஒரே பட்டியலில் போட்டுக்கொண்டே போகலாம். இன்னொரு தாளில்

=ஃபில்டர்(செலவு, வயல்="மேட்டு வயல்")

என்று ஒரே ஒரு கட்டத்தில் எழுதினால், அந்த வயலின் செலவு வரிகள் மட்டும் தானாக வந்து நிற்கும். (படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், சூத்திரத்தின் பெயரை ஆங்கிலத்தில்தான் தட்டணும்.) மடையைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் இறங்குகிற மாதிரி விடை கீழே இறங்கும். வழியில் வேறு ஏதாவது எழுதியிருந்தால் 'ஸ்பில்' என்று காட்டி நின்றுவிடும். அதை அழித்தால் போதும். செலவுப் பட்டியலை முதலில் கன்ட்ரோல்-டி அழுத்தி 'டேபிள்' ஆக்கிவிடுங்கள். புதிய வரி சேர்க்கச் சேர்க்கச் சூத்திரமும் அதைச் சேர்த்துக்கொள்ளும்.

'யுனிக்' என்று ஒன்று, பத்தியில் உள்ள பெயர்களைத் திரும்ப வராமல் தொகுத்துக் கொடுக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் ஆளுக்கொரு விதமாக எழுதும் நமக்கு அது பெரிய உதவி. சீரகச்சம்பா, சீரக சம்பா, சீரகசம்பா மூன்றும் கணினிக்கு மூன்று ரகம்! இதைப் போட்டுப் பார்த்தால் அந்தக் குளறுபடி உடனே கண்ணில் படும்.

இவை எக்ஸெல் 2021-லும் சந்தா கட்டும் 365-லும் உண்டு. 2016, 2019 பதிப்புகளில் வேலை செய்யாது. அதற்காகக் காசு போட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பு முதல் இவை உண்டு. கைபேசி மட்டும் இருந்தால் கூகுள் ஷீட்ஸ் போதும்.

பிஜிஎஸ் குழுவில் இருப்பவர்கள் பண்ணை நாட்குறிப்பை நோட்டிலும் எழுதுங்கள். வயலில் நின்று எழுத அதுதான் சுலபம். மாலையில் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும்போது வீட்டு ஆட்களின் வேலைக்கும் ஒரு பத்தி போடுங்கள், ஊரில் கொடுக்கிற கூலியையே போட்டு. மேட்டு வயலில் எனக்கு லாபம் என்று நின்ற தொகையில் பெரும்பங்கு என் மனைவி களையெடுத்த நாட்களின் கூலி. இந்தப் பட்டத்தில் அங்கே நெல் போடவில்லை, உளுந்து விதைத்திருக்கிறோம்.