அழித்த பிறகும் ஓடிய நிரல்

ஒரு ஃபைலை அழித்துவிட்டீர்கள். அதை நம்பியிருந்த நிரல் ‘காணோம்’ என்று சொல்லி நின்றுவிட வேண்டும். ஆனால் ஒன்றுமே நடக்காததுபோல அது ஓடுகிறது. பைத்தான் 2 காலத்தில் நிரல் எழுதியவர்களில் பலர் இந்தப் பேயைப் பார்த்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். ‘வரி’ என்று ஒரு ஃபைல் எழுதுகிறீர்கள். இன்னொரு நிரல் அதைக் கூப்பிடுகிறது. உடனே பைத்தான் அதைத் தனக்குப் புரியும் பைட்கோடாக மாற்றி, அடுத்த முறை நேரம் மிச்சமாகட்டும் என்று சேமித்துக்கொள்ளும். எங்கே? அதே ஃபோல்டரில், அதே பெயரில், வாலில் ஒரு ‘சி’ எழுத்தை மட்டும் கூட்டி. நீங்கள் அசலை அழித்தீர்கள். அதிலிருந்து பிறந்தது அங்கேயே உட்கார்ந்திருந்தது. அசலைத் தேடிக் காணாத பைத்தான், சத்தமில்லாமல் அதை எடுத்து ஓட்டிவிட்டது. உங்கள் கணினியில் எல்லாம் சரி. பக்கத்து மேசைக்காரர் அசலை மட்டும் வாங்கிப்போய் ஓட்டினால் அங்கே உடையும்.

இன்னொரு தகராறும் இருந்தது. பைட்கோடு ஃபைலின் தலையில், எந்தப் பதிப்புக்கானது என்று சொல்லும் ஓர் எண் இருக்கும். ஒரே ஃபோல்டரை இரண்டு பைத்தான் பதிப்புகள் பயன்படுத்தினால், ஒன்று எழுதி வைத்ததை மற்றது ‘இது எனக்கானதல்ல’ என்று மாற்றி எழுதும். பிறகு முதலாவது வந்து மறுபடி எழுதும்.

2011 பிப்ரவரியில் வெளியான பைத்தான் 3.2 இதற்கு ஒரு தனி அறை கட்டியது. பைட்கோடு எல்லாம் ‘பைகேஷ்’ என்ற உள் ஃபோல்டருக்குப் போனது. ஃபைல் பெயரிலேயே பதிப்பு எண்ணும் ஒட்டிக்கொண்டது. அசல் இல்லாவிட்டால் அந்த அறைக்குள் இருப்பதை பைத்தான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பேய் ஒழிந்தது.

சி மொழிக்காரர்களின் கதை இதைவிடப் பழையது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுதையே வீணடித்தார். பிழையைத் திருத்தியாகிவிட்டது, திருத்திய ஃபைலைக் கம்பைல் செய்யத்தான் மறந்துவிட்டார். சரியான நிரலில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியதுதான் ‘மேக்’. அசல் ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும், கம்பைல் ஆன ஃபைலின் நேரத்தையும் அது ஒப்பிடும். அசல் புதிது என்றால் மறுபடி கம்பைல். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, கடிகாரத்தை மட்டுமே நம்புகிறது! பழைய நேரமுத்திரையோடு ஓர் அசலை நகலெடுத்துப் போட்டால் மேக் ஏமாந்துபோகும்.

அப்போது கம்பைல் ஆன எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டுவதுதான் வழி. ஆயிரக்கணக்கான அசல்களுக்கு நடுவே விளைபொருள்கள் சிதறிக் கிடந்தால் எதைத் துடைப்பது? விதைநெல்லும் உமியும் ஒரே சாக்கில் கிடப்பதுபோலத்தான். தனி ஃபோல்டர் என்றால் ஒரே கட்டளை போதும்.

எனக்கு இதைவிடப் பெரிய வசதியாகத் தெரிவது வேறு. லினக்ஸ் கெர்னலின் அசல் ஒன்றுதான். மேக் கட்டளையோடு ‘ஓ’ என்ற விருப்பத்தைச் சேர்த்து வெவ்வேறு ஃபோல்டர்களைக் காட்டினால், மேசைக் கணினியின் இன்டெல் சில்லுக்கு ஒன்று, ஆர்ம் சில்லுக்கு ஒன்று என்று ஒரே அசலிலிருந்து பல கெர்னல்கள் பக்கம் பக்கமாக உருவாகும். ஒன்றை ஒன்று தொடாது. அசல் ஃபோல்டரிலேயே ஏற்கெனவே கட்டிய மிச்சம் கிடந்தால், ‘முதலில் சுத்தம் செய்’ என்று கெர்னல் திருப்பி அனுப்பிவிடும். எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் இன்னும் கறார். அசல் ஃபோல்டருக்குள் நேரடியாகக் கட்டவே விடாது. இந்தக் கண்டிப்பு சரி என்பேன்.

இன்று உங்கள் விளைபொருள்கள் சேரும் பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு மறுபடி கட்டிப் பாருங்கள். அழிக்கக் கை தயங்கினால், அசல் ஃபைல் ஏதோ ஒன்று அதற்குள் மாட்டியிருக்கிறது. முதலில் அதை வெளியே எடுங்கள்.