நூல் போகும் வழி, சட்டை வரும் வழி

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் உருவாக ஏழெட்டுக் கை மாற வேண்டும். நூல் வாங்குபவர் ஒருவர், நிட்டிங் வேறிடம், பிறகு சாயப்பட்டறை, காம்பேக்டிங். கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்ன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாப் ஒர்க்காரர். பத்து மிஷின் போட்டவரும் இங்கே முதலாளிதான். பீஸுக்கு இத்தனை பைசா என்று ஓடும் அவருடைய கணக்கைக் கலைத்தது, மாலத்தீவில் எடுத்த ஒரு முடிவு.

தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா 2006-இல் நடைமுறைக்கு வந்தது. வரியைக் குறைக்க விரும்பாத சரக்குகளை ஒவ்வொரு நாடும் தனிப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். இந்தியப் பட்டியலில் ஆயத்த ஆடைகள் இருந்தன. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போனபோது வங்கதேசத்தின் 46 ஜவுளி இனங்களுக்கு வரி நீங்கியது. இரண்டே மாதத்தில், மாலத்தீவு சார்க் மாநாட்டில், ஏழை நாடுகளுக்கான பட்டியலை இந்தியா 480-இலிருந்து 25 ஆகச் சுருக்கியது. மிஞ்சியவை மதுவும் புகையிலையும்.

அந்த ஏழை நாடுகளில் ஒன்று வங்கதேசம்; விதிப்படி அங்கே 30 சதவீதம் மதிப்பு கூட்டினால் போதும். துணி சீனாவிலிருந்து வந்திருக்கலாம். அங்கே வெட்டித் தைத்தால் அது வங்கதேசச் சரக்கு. அதே துணி நேராக இங்கே வந்தால் வரி உண்டு, சட்டையாகி வந்தால் இல்லை. திருப்பூர்க்காரர்களின் கோபம் இதில்தான். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நம்பி நடப்பவை. அடி வாங்குவது காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குத் தைத்துப் போடும் சின்ன யூனிட்.

நூற்பாலைகளிடம் கேட்டால் பேச்சே வேறு. இந்தியப் பருத்தி நூலுக்கு வங்கதேசம் பெரிய வாடிக்கை. அங்கே ஆர்டர் கூடினால் இங்கே கதிர் ஓடும். ஏற்றுமதி சூடுபிடித்தால் உள்ளூரிலும் நூல் விலை இறுகும் என்பது சின்ன யூனிட்டின் புலம்பல். 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்து திருப்பூரில் வேலைநிறுத்தமே நடந்தது. வரியில்லாச் சட்டை ஒரு பக்கம், விலையேறிய நூல் மறுபக்கம். நடுவில் பத்து மிஷின்காரர்.

2025 ஏப்ரலில் வங்கதேசம் இந்திய நூல் தரைவழியாக வருவதை நிறுத்தியது. மே மாதம் இந்தியாவும் வங்கதேச ஆடைகளுக்குத் தரைவழியை அடைத்தது. கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது. வரிச் சலுகையில் கை வைக்கவில்லை. பெட்ராபோல் எல்லையை லாரியில் தாண்டிக்கொண்டிருந்த சரக்குக்குக் கப்பல் வாடகையும் சில நாட்களும் கூடின, அவ்வளவுதான்.