பெட்ரோலில் கழுவும் கை

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே இருக்கிறது வடமாலபேட்டை. இப்படி லாரியும் யாத்திரைப் பேருந்தும் ஓயாமல் ஓடும் சாலைகளின் ஓரத்து மெக்கானிக் ஷெட்களில், சாயங்காலம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. டப்பாவில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, கிரீஸ் அப்பிய கையைக் கழுவுவார்கள். கறை போய்விடும். கூடவே தோலின் எண்ணெய்ப் பசையும் போய், கை வறண்டு வெடிக்கும். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. ரத்தப் புற்றுநோயைத் தரக்கூடியது அது.

வெடித்த அந்தத் தோலில்தான் மறுநாள் பழைய என்ஜின் ஆயில் படுகிறது. அதில் எரிபொருள் எரிந்த கரி கலந்திருக்கிறது. சிறுவயதில் புகைபோக்கிக்குள் ஏறிச் சுத்தம் செய்தவர்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். செய்யும் தொழிலே புற்றுநோயைத் தரும் என்று மருத்துவ உலகம் அறிந்துகொண்டது அப்போதுதான். புற்றுநோயைத் தருவதாக உறுதியானவற்றின் பட்டியலில் டீசல் புகையும் 2012இல் சேர்ந்தது.

கையைவிடப் பெரிய கவலை நுரையீரல். பிரேக் டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதுவது பல ஷெட்களில் வழக்கம். பழைய பிரேக் லைனிங்குகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் உள்ளே தங்கிவிட்டால், நோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். இருபது வயதில் ஊதியவர் ஐம்பதில் மூச்சுக்குத் திணறக்கூடும். எதனால் என்று அவருக்கே தெரியாது. முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த இழையைத் தடுக்காது. ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

"கிளவுஸ் போட்டா போல்ட்டு பிடிபடாது" என்பார்கள். நியாயமான பேச்சுதான். சுழலும் ஃபேன் பெல்ட் அருகே கையுறை சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். அங்கே வெறுங்கையே நல்லது, அதுவும் என்ஜினை நிறுத்திவிட்டு. ஆயில் மாற்றும்போதோ மெல்லிய நைட்ரைல் கையுறை போதும், போல்ட்டும் விரலுக்குப் பிடிபடும். கிரைண்டருக்குக் கண்ணாடி வேண்டும். வண்டிக்கு அடியில் படுப்பவர் ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. ஸ்டாண்டு வைத்தே ஆகவேண்டும்.

இதையெல்லாம் யார் கட்டாயப்படுத்துவது? மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. முதலாளியும் இரண்டு பையன்களுமாக நடக்கும் ஷெட் இந்தக் கணக்கில் வராது.

ஆகவே வண்டிக்காரர்கள் கேட்கலாம். அடுத்த முறை பிரேக் வேலைக்கு விடும்போது, "அண்ணே, ஏர் அடிக்காதீங்க, துடைச்சே எடுங்க, நான் காத்திருக்கேன்" என்று சொல்லுங்கள்.