விஸ்பி மதில் யாருக்கு எதிராக எழுந்தது தெரியுமா?

பால்டிக் கடலின் நடுவே ஒரு தீவு. அதன் மேற்குக் கரையில் ஓர் ஊர். ஊரை வளைத்து ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கல் மதில். 700 ஆண்டுகளைத் தாண்டியும் அந்த மதில் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது என்றால் நம்புவீர்களா? ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவிலுள்ள விஸ்பியைத்தான் சொல்கிறேன். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே நீனெஸ்ஹாம்ன் துறைமுகத்தில் கப்பலேறினால், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம். அவ்வளவுதான், 13-ஆம் நூற்றாண்டின் வாசலில் இறங்கிவிடலாம்!

மதில் என்றாலே அந்நியப் படையும் கடற்கொள்ளையரும்தானே நினைவுக்கு வருவார்கள்? இங்கே கதை வேறு. விஸ்பியின் வணிகர்கள் இதை எழுப்பியது, அதே தீவில் வாழ்ந்த சொந்த விவசாயிகளுக்கு எதிராகவும்தான்!

அந்த விவசாயிகளை ஏரும் மாடும் மட்டும் அறிந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சொந்தக் கப்பல் வைத்துக்கொண்டு ரஷ்ய ஆறுகள் வரை போய் வணிகம் செய்த பரம்பரை அது. ஜெர்மன் வணிகர்கள் விஸ்பியில் குடியேறி, ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் பெரிய சந்தையாக ஊர் வளர வளர, லாபமெல்லாம் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. புகைந்துகொண்டிருந்த பகை 1288-இல் உள்நாட்டுப் போராக வெடித்தது. ஊர்க்காரர்கள் வென்றார்கள். அனுமதி கேட்காமல் மதில் கட்டியதற்காக ஸ்வீடன் மன்னர் மாக்னஸ் அவர்களுக்கு அபராதம் விதித்தார். மதில் மட்டும் நிலைத்துவிட்டது!

மதிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில இடங்களில் சுவரின் நடுவிலேயே பழைய கொத்தளத்தின் பல்வரிசை தெரியும். முதலில் தாழ்வாகக் கட்டி, பிறகு அந்தப் பற்களின் இடைவெளியை அடைத்து, அதன்மேலேயே உயர்த்தியிருக்கிறார்கள். கோபுரங்களிலும் இரண்டு வகை உண்டு. தரையிலிருந்து எழும் பெரிய கோபுரங்கள் 29 இருந்தன. அவற்றில் 27 இன்றும் நிற்கின்றன. குதிரை முதுகில் சேணம் வைத்ததுபோல் மதிலின் மேலேயே உட்கார்ந்திருக்கும் சிறு கோபுரங்கள் 22, எஞ்சியவை 9. கடலோரத்தில் நிற்கும் வெடிமருந்துக் கோபுரம் மதிலுக்கும் மூத்தது. 12-ஆம் நூற்றாண்டில் துறைமுகக் காவலுக்காகக் கட்டியது!

இனி வருவதைப் படிக்க மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

1361 ஜூலை 27. டென்மார்க் மன்னர் வால்டமார் ஆட்டர்டாக் தீவில் இறங்கி விஸ்பியை நோக்கி வருகிறார். எதிரே நிற்பது கைதேர்ந்த படையல்ல, தீவின் விவசாயிகள். பழைய கவசங்களை மாட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்களில் சிறுவர்கள் இருந்தார்கள், முதியவர்கள் இருந்தார்கள். சண்டை நடந்தது மதிலுக்கு வெளியே, வாசலுக்கு மிக அருகில். ஊர்க்காரர்கள் உள்ளேயே இருந்தார்கள். சுமார் 1,800 விவசாயிகள் மடிந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அதன்பின் விஸ்பி சரணடைந்தது. சதுக்கத்தில் மூன்று பெரிய பீப்பாய்களை வைத்து, அவற்றை வெள்ளியால் நிரப்பச் சொன்னார் வால்டமார் என்பது மரபுக் கதை. ஆனால் செத்தவர்களின் கதைக்குச் சாட்சி இருக்கிறது!

கோடை வெயிலில் அத்தனை உடல்கள். கவசங்களைக் கழற்றி எடுக்கக்கூட நேரமில்லாமல் பெருங்குழிகளில் அவசரமாகப் புதைத்தார்கள். 1905-இல் தொடங்கிய அகழாய்வுகளில் 1,100-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிவந்தன. இறந்தவனிடமிருந்து கவசத்தை உருவிக்கொள்வதுதான் அக்காலப் போர்க்கள வழக்கம். அதனால்தான் கவசத்தோடு கிடைத்த இந்தக் குழிகள் ஐரோப்பிய வரலாற்றில் அபூர்வம். வெட்டுக்காயங்கள் எங்கே அதிகம் தெரியுமா? கால்களில். கேடயம் மறைக்காத இடம் அதுதானே! இரும்பு வளையத் தலையுறை மண்டையோட்டோடு ஒட்டிக் கிடப்பதை ஸ்ட்ராண்ட்காத்தான் தெருவிலுள்ள கோட்லாந்து அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

அதே அருங்காட்சியகத்தில் கண்ணைப் பறிக்கும் இன்னொன்றும் உண்டு. 1999-இல் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணை நிலத்தில் கிடைத்த வைக்கிங் காலப் புதையல். 67 கிலோ வெள்ளி! 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள், அவற்றில் பெரும்பாலானவை அரபு எழுத்துப் பொறித்த திர்ஹம்கள். பாலைவன நாடுகளின் வெள்ளி, ஆறு ஆறாகக் கைமாறி, பனி பெய்யும் தீவின் மண்ணுக்குள் வந்து உறங்கியிருக்கிறது. இந்த ஒரு தீவில் மட்டும் இதுவரை 700-க்கும் மேற்பட்ட வெள்ளிப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. அடேயப்பா!

ஊருக்குள் நடந்தால் தெருவுக்குத் தெரு கூரையில்லாத தேவாலயங்கள். பத்துக்கும் மேற்பட்ட சிதிலங்கள். அவற்றில் என்னைக் கட்டிப்போட்டது ஹெல்கே ஆண்ட். எட்டுப் பட்டை வடிவம், இரண்டு தளம். மேல்தளத்தின் தரையில் ஒரு திறப்பு. ஒரே வழிபாட்டை இரு தளத்தாரும் பின்பற்றலாம்! 1225-இல் ஜெர்மன் வணிகர்களுக்காக அர்ப்பணிக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயத்தில் மட்டும் இன்றும் வழிபாடு நடக்கிறது. 1525-இல் லூபெக் நகரப் படை வந்து தாக்கியபின் மற்றவை மீளவேயில்லை. வணிகம் வேறு துறைமுகங்களுக்குப் போய்விட்டது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் பணமில்லை. விஸ்பியைக் காப்பாற்றியதில் அந்த ஏழ்மைக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன்! 1995-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஹான்சாக் கப்பல்கள் நங்கூரமிட்ட துறைமுகம் இன்று புல்வெளிப் பூங்காவாகிவிட்டது தெரியுமா? அல்மெடாலன் என்று பெயர். 1968-இல் அங்கே ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பேசினார் ஒருவர். பிற்காலத்தில் ஸ்வீடன் பிரதமரான ஓலோஃப் பால்மே! அதிலிருந்து வளர்ந்ததுதான், ஒவ்வொரு கோடையிலும் எல்லா நாடாளுமன்றக் கட்சிகளும் இங்கே கூடும் அரசியல் வாரம். கடலில் சேர்ந்து குளிக்கும் நண்பர்கள் 1814-இல் தொடங்கிய சங்கம் ஒன்று 1855-இல் அமைத்த தாவரவியல் பூங்கா, மதிலுக்குள் இன்றும் பூத்துக் குலுங்குகிறது.

குழந்தைகளே, உங்களுக்கும் ஒன்று! செம்பட்டைச் சடை பிப்பி லாங்ஸ்டாக்கிங் தொலைக்காட்சித் தொடரின் ஊர்த் தெருக்கள் இங்கே படமானவைதான். ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி, 'கிகியின் டெலிவரி சர்வீஸ்' படத்தின் கடலோர நகரத்தை விஸ்பியையும் ஸ்டாக்ஹோமையும் மனத்தில் வைத்துத்தான் வரைந்தார்!

பசித்தால் குங்குமப்பூ பான்கேக் கேளுங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாலில் குழைய வெந்த அரிசியில் முட்டை, பாதாம், குங்குமப்பூ சேர்த்து அடுப்பில் சுட்டெடுப்பது. மேலே தீவில் விளையும் கருநீலப் பெர்ரியின் ஜாம், அடித்த பாலேடு. ஆகஸ்டில் போனால் 1984 முதல் நடந்துவரும் இடைக்கால வாரத்தையும் பார்க்கலாம். ஊரே பழைய உடை உடுத்தித் தெருவில் இறங்கிவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மதிலுக்குள் மட்டும் சுற்றிவிட்டுக் கப்பலேறிவிடாதீர்கள். தெற்கு வாசலைத் தாண்டித் தென்கிழக்கே சிறிது தூரம் நடந்தால், புல்வெளியில் ஒரு கல் சிலுவை நிற்கும். 1361-இல் வாசலுக்கு வெளியே விழுந்தவர்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அங்கேயும் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.