அரிட்டாபட்டியின் செல்வம்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாக்ஷியம்மனைத் தரிசித்து, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் தாலுகாவில், அரிட்டாபட்டி என்றொரு சிற்றூர் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பள்ளிப் பிள்ளைகளுடன் சென்று வந்த பிறகே நமக்கும் அதன் பெருமை விளங்கிற்று.

வயல்களுக்கிடையே ஏழு குன்றுகள். அவற்றுள் கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் முற்காலத்தில் சமண முனிவர்கள் வசித்தார்கள். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் அங்கே காணக்கிடக்கின்றன. அருகிலேயே பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோவில். வாயிலின் ஒருபுறம் விநாயகர், மறுபுறம் லகுலீசர்.

குன்றில் பெய்யும் மழை வீணாவதில்லை. பாறைமீது வழிந்து சுனைகளிலும் கண்மாய்களிலும் தங்கி வயலுக்குப் பாய்கிறது. 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்பது அரசாங்கக் கணக்கு. சுமார் 250 வகைப் பறவைகளும், தேவாங்கும், எறும்புதின்னியும் இங்கே வாழ்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுவே முதலாவது.

ஈராண்டு சென்றது. 2024 நவம்பரில், இவ்விடத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் உரிமை ஏலத்தில் ஒரு கம்பெனிக்குக் கிடைத்ததென்று மத்திய அரசாங்கம் அறிவித்தது. உலோகங்களுள் மிக அதிக வெப்பத்தில் உருகுவது டங்ஸ்டன். பழைய மின்விளக்கின் இழை அதனாலானதே. தேசத்திற்கு அது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் குன்றைக் குடைந்தபின் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கிராமத்தார் கேட்டது இதைத்தான்.

கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் செய்தன. டிசம்பர் 9-ந் தேதி சட்டசபையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ந் தேதி மேலூர்ப் பகுதி ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23-ந் தேதி ஏலம் ரத்தாயிற்று.

சுயராஜ்யம் என்பது தலைநகரங்களில் மட்டும் நடப்பதன்று. தன் குன்றின் மதிப்பும் கண்மாயின் அளவும் அறிந்த உழவன் வாய் திறந்து பேசுவதும், ஆள்வோர் அதற்குச் செவிசாய்ப்பதுமே சுயராஜ்யம். நேயர்கள் அடுத்த விடுமுறையில் குழந்தைகளை அரிட்டாபட்டிக்கு அழைத்துச் செல்லட்டும். காக்கப்பட்டது இன்னதென்று அவர்கள் கண்ணாலேயே காணட்டும். நாளை இன்னொரு குன்றுக்காகப் பேச வேண்டியவர்கள் அவர்களே.