டேம்பர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்; மூடிக் காட்டச் சொல்லுங்கள்

வரவேற்பறைச் சுவரில் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தொங்கும். மாடிக்கு மாடி சிவப்பு சிலிண்டர் நிற்கும். “ஏசி டக்ட்டில் ஃபயர் டேம்பர் எங்கே?” என்று கேட்டால் மட்டும் மேலாளர் ஏசி ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவார். அவரோ காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் டேம்பரைக் காட்டிவிட்டுப் போவார். அது வேறு; தீப்பிடித்ததும் மூடிக்கொண்டு, டக்ட் வழியாகத் தீயும் புகையும் பரவாமல் தடுக்க வேண்டிய ஃபயர் டேம்பர் வேறு. சென்ட்ரல் ஏசி உள்ள மருத்துவமனை, திருமண மண்டபம், அலுவலக வளாகம் என்று எங்கே போனாலும் இதே கதைதான்.

1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் எரிந்தது. தீ கீழ்ப்பகுதியில்தான் பரவியது. ஆனால் இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் புகைக்குப் பலியானவர்கள். லிஃப்ட் குழிகள், படிக்கட்டுகள், ஏசி டக்ட்டுகள் வழியாகப் புகை மேலே ஏறியது. டேம்பர்கள் இல்லாமல் இல்லை. சிலவற்றை மூடவே முடியாதபடி போல்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் இதற்கான விதி 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 4ஆம் பகுதியில் இருக்கிறது. தீத்தடுப்புச் சுவரையோ தளத்தையோ டக்ட் கடக்கும் இடத்தில் ஃபயர் டேம்பர் வேண்டும். டக்ட்டைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தீ தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். டேம்பரைத் தீ எச்சரிக்கைப் பலகையோடு (ஃபயர் அலாரம் பேனல்) இணைக்க வேண்டும். கையாலும் இயக்க முடிய வேண்டும். சோதிக்கவும் மாற்றவும் கை எட்டும்படி இருக்க வேண்டும். புகையை வெளியேற்றுவதற்கென்றே போட்ட டக்ட்டுக்கு விதிவிலக்கு உண்டு. அங்கே டேம்பருக்குப் பதில் டக்ட்டே 120 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும்.

எச்சரிக்கைப் பலகையோடு ஏன் இணைக்க வேண்டும்? ஃப்யூசிபிள் லிங்க் மட்டும் உள்ள டேம்பர், அந்த உலோக இணைப்பு ஏறத்தாழ 72 டிகிரி செல்சியஸில் உருகிய பிறகுதான் மூடும். தொடக்கப் புகைக்கு அவ்வளவு சூடு இருக்காது; திறந்த டேம்பரைத் தாண்டிப் போய்விடும். புகை உணரி தரும் சமிக்ஞையில் மோட்டாரால் மூடும் டேம்பர்தான் அதைத் தடுக்கும்.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் நடப்பது என்ன? டேம்பர் அடிக்கடி மூடிக்கொள்கிறது என்று கட்டுக்கம்பியால் திறந்தபடி கட்டிவிடுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் ஆய்வுக் கதவை மறைத்துவிடுகிறார். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளில் எத்தனை பேர் ஏணி கேட்கிறார்கள்? சிலிண்டரின் தேதியைப் பார்த்ததோடு சரி.

ஆகவே கட்டடத்தைக் கையேற்கும் முன் நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு டேம்பரும் எண்ணோடு குறிக்கப்பட்ட, கட்டி முடித்த நிலையின் டக்ட் வரைபடம், டேம்பரின் தீத்தாங்கு நேரம் குறித்த சோதனைச் சான்று, எச்சரிக்கை ஒலித்ததும் எந்த டேம்பர் மூடும், எந்த விசிறி நிற்கும் என்ற அட்டவணை, ஒவ்வொன்றையும் மூடித் திறந்து பார்த்து எழுதிய பதிவு. நான்காவது இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 80 தரநிலைப்படி, நிறுவிய ஓராண்டில் முதல் சோதனை, பிறகு 4 ஆண்டுக்கு ஒருமுறை. மருத்துவமனை என்றால் 6 ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இப்படி ஓர் இடைவெளியை எழுதி வையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையா? தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலருக்கு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் புகார் அனுப்புங்கள். திட்ட அனுமதி தந்த சிஎம்டிஏ அல்லது நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு நகல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன்கீழ் கடைசி ஆய்வறிக்கையின் நகலையும் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். “பாதுகாப்பு இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் “இருக்கிறது” என்றே பதில் வரும். டேம்பர் எண், சோதித்த தேதி, சோதித்தவர் பெயர் என்று கேளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: சான்று தொங்குவதால் டேம்பர் மூடாது. இந்த வாரமே ஏணி வைத்து, ஒன்றையாவது மூடிக் காட்டச் சொல்லுங்கள். கம்பி கட்டியிருந்தால், அங்கேயே அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அது அடிக்கடி மூடுவதற்கான காரணத்தைச் சரிசெய்ய வையுங்கள்.